கைராசி மட்டும் போதாது

"டாக்டர் கொஞ்சம் கோபக்காரர்தான், ஆனால் கைராசிக்காரர்." நம் ஊரில் இப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. மருத்துவக் கல்லூரிகளுக்குள்ளும் இதே எண்ணம்தான் வேறு சொற்களில் உலவுகிறது. அறிவும் கைத்திறனும்தான் மருத்துவமாம். குழுவை நடத்துவதும், நெருக்கடியில் நிதானம் இழக்காமல் பேசுவதும் பிறவிக் குணமாம். அதைக் கற்பிக்கவும் முடியாதாம், மதிப்பெண் போடவும் முடியாதாம். இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும். கொன்றும் இருக்கிறது.

2005 மார்ச் 29 அன்று இங்கிலாந்தில் எலைன் பிராமிலி என்ற 37 வயதுப் பெண்ணுக்கு சைனஸ் அறுவை சிகிச்சை. மயக்கம் கொடுத்த பிறகு முகமூடி வழியாகக் காற்று போகவில்லை, மூச்சுக்குழாய்க்குள் டியூபும் இறங்கவில்லை. இரண்டு மயக்கவியல் நிபுணர்களும் ஒரு காது மூக்கு தொண்டை நிபுணரும் அறையில் இருந்தார்கள். மூவருமே அனுபவம் முதிர்ந்தவர்கள். இந்த நிலையில் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டும் என்ற வழிகாட்டுதல் பிரிட்டனில் முந்தைய ஆண்டே வெளிவந்திருந்தது. ஆனால் மூவரும் டியூபை இறக்கும் முயற்சியிலேயே மூழ்கிப்போனார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 40 சதவீதமும் அதற்குக் கீழுமாக ஏறக்குறைய 20 நிமிடம் கிடந்தது. ஒரு செவிலியர் கழுத்தில் துளையிடுவதற்கான டிரக்கியாஸ்டமி செட்டை எடுத்துவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொருவர் ஐ.சி.யூ.வில் படுக்கைக்குச் சொல்லிவைத்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில், தான்தான் அளவுக்கு மீறிப் பதறுகிறோமோ என்று நினைத்து அதை ரத்து செய்தார். எலைன் 13 நாட்களில் இறந்தார்.

அங்கே அறிவுக்கும் கைத்திறனுக்கும் என்ன குறை? நேரம் ஓடுவதைச் சொல்ல ஆள் இல்லை. முடிவெடுப்பவர் யார் என்பது தெளிவாக இல்லை. உண்மையைக் கண்டுகொண்ட செவிலியர்களின் குரல் மேலே ஏறவில்லை.

எலைனின் கணவர் மார்ட்டின் விமானி. அவருடைய தொழில் இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே ஒரு விமானம் சக்கரக் கோளாற்றையே ஆராய்ந்துகொண்டு வட்டமடித்தது, எரிபொருள் தீர்ந்து விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதை விமானப் பொறியாளர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அதன் பிறகு குழுவாகச் செயல்படுவதை விமானிகளுக்குப் பயிற்சியாகவே கொடுத்தார்கள். அதைக் குணம் என்று சொல்லி யாரும் கைகழுவவில்லை.

மருத்துவத்திலும் இந்தத் திறன்களுக்கு அளவுகோல் வந்துவிட்டது. அபர்டீன் பல்கலைக்கழக உளவியலாளர்களும் ஸ்காட்லாந்து மயக்கவியல் மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய 'ஆன்ட்ஸ்' முறை 2003இல் வெளியானது. பணியை ஒழுங்குபடுத்துவது, குழுவோடு இயங்குவது, சூழலைக் கவனிப்பது, முடிவெடுப்பது என நான்கு பிரிவுகள், அவற்றுக்குள் 15 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். இதில் குணத்துக்கு மதிப்பெண் இல்லை, கண்ணால் கண்ட செயலுக்குத்தான். சிமுலேஷன் அறையில் பொம்மை நோயாளியின் இதயம் நிற்கிறது. "யாராவது அட்ரினலின் போடுங்க" என்று ஒருவர் கத்துகிறார். மூன்று பேர் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், ஊசி ஏறவில்லை. இன்னொருவர், "மீனா சிஸ்டர், அட்ரினலின் ஒரு மில்லிகிராம், நரம்பு வழியா. போட்டதும் சொல்லுங்க" என்கிறார். "போட்டாச்சு டாக்டர்" என்று பதில் வருகிறது. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரியாத கண் எது?

மதிப்பிடுபவர்கள் ஆளுக்கொரு மதிப்பெண் போடுவார்களே என்கிறார்கள் சிலர். உண்மைதான். ஸ்டான்ஃபோர்டின் டேவிட் காபா குழு 1998இல் வெளியிட்ட ஆய்விலேயே நடத்தை மதிப்பெண்களில் அந்த வேறுபாடு தெரிந்தது. மதிப்பிடுபவருக்கு முறையான பயிற்சி, ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பீட்டாளர், பல நெருக்கடிக் காட்சிகள் என்று அதற்குப் பரிகாரமும் இருக்கிறது. வைவாவில் ஒரு தேர்வாளரின் அன்றைய மனநிலை ஒரு மாணவரின் ஆண்டையே விழுங்குவதைத் தலைமுறைகளாக ஏற்றுக்கொண்டவர்கள் இங்கே மட்டும் துல்லியம் கேட்பது நியாயமில்லை.

2019 முதல் நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறிமுறை, தகவல் தொடர்பு ஆகியவை பாடமாகியிருக்கின்றன. நல்ல தொடக்கம். தேர்வுக் குழுக்களில் இருப்பவர்களே, மயக்கவியல், அவசர சிகிச்சை, மகப்பேறு முதுநிலைத் தேர்வுகளில் சிமுலேஷன் நெருக்கடியையும் மதிப்பெண்ணுக்குரியதாக்குங்கள். செவிலியர் சொல்வதைக் காதில் வாங்காதவர் எத்தனை பாடம் ஒப்பித்தாலும், வாங்கக் கற்றுக்கொள்ளும்வரை அவருக்குத் தேர்ச்சி கொடுக்காதீர்கள்.