விளையாட்டுக்கு ஒரு படிப்பா?

நகரியில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளை உடற்கல்வி பயில விரும்பினால், "விளையாட்டுக்கு ஒரு படிப்பா?" என்னும் ஏளனமே முதலில் எழுகிறது. அதே பெற்றோர், மைய அரசு அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் நம்மிடம் வந்து, விளையாட்டு வீரர்க்குரிய ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமா என்று உசாவுகின்றனர். சான்றிதழ் வேண்டும், கல்வி வேண்டா! பழத்தை உண்டு மரத்தைப் பழிப்பது என்ன நியாயம்?

இப்படிப்பு வெறும் ஓட்டமும் பந்தாட்டமும் அன்று. எலும்பும் மூட்டும் தசையும் மூச்சும் எங்ஙனம் இயைந்து இயங்குகின்றன என ஆராயும் உடலியக்க இயல் அதில் ஒரு கூறு. எம்மக்கள், எக்காலத்தில், எதற்காக ஆடினர் என ஆராயும் வரலாறு மற்றொரு கூறு. நாள் முழுதும் கோப்புகள்மீது குனிந்து முதுகுவலியால் வாடும் நமக்கன்றோ முன்னதன் அருமை புரிதல் வேண்டும்!

பின்னதற்கோ நம் இலக்கியமே கருவூலம். கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவுதலை விரித்துரைக்கிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத மற்போரைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியுள்ளார். இவற்றை விழா மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறுகிறோம். முறையாக ஆராயப் பிள்ளைகளை அனுப்ப மறுக்கிறோம். விளையாட்டு வரலாறு கிரேக்கத்தில் தொடங்கியதெனப் பிறர் எழுதினால் மட்டும் வெகுள்கிறோம். எழுதாத குற்றம் யாருடையது?

வாய்ப்பில்லை என்பதும் பொருந்தாது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920இல். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமே எழுந்துவிட்டது. வேலை உறுதியா என்னும் கவலை நியாயமானதே. ஆனால், எந்தப் பட்டம் அவ்வுறுதியைத் தருகிறது? பி.ஏ. படித்த நாம் அறியாததா?

நகரிப் பிள்ளைக்குத் தனிப் பேறும் உண்டு. நாம் சடுகுடு என்பதைத் தெலுங்கர் செடுகுடு என்பர். அது கபடி என்னும் பெயரில் 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாயிற்று. இரு மொழி முதியோரின் நினைவிலும் வாழும் ஆட்ட முறைகளைக் கேட்டு, ஒப்பிட்டு எழுத, இருமொழியும் அறிந்த எல்லைப் பிள்ளையினும் தக்கார் யாவர்? அம்முதியோர் மறைந்தால் அவ்வரலாறும் அவர்களோடு மறையும்.

ஆதலின் பெற்றோரே, அடுத்த முறை உங்கள் பிள்ளை கேட்கும்போது நகையாதீர். விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமிடுங்கள்.