இருதய நலிவும் இல்லத்துக் கல்வியும்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. இந்நான்கனுள் நோயுற்றவனை அவர் முதலில் வைத்தமை சிந்திக்கற்பாலது. இன்றோ நோயாளர் வைத்தியத்தைப் பெறுவோராக மட்டுமே கருதப்படுகின்றனர்; வைத்தியத்தில் தமக்கும் ஒரு கடமை உண்டென்பதை அவர்க்கு உணர்த்துவார் அரியர். இக்குறை நாட்பட்ட இருதய நோயிலே பெருந்தீங்கு விளைக்கின்றது. அதனைப் போக்குவதில் கல்லூரிச் சமூகத்துக்கும் பங்குண்டு என்பதே எமது கருத்து.

முதலிற் பெயரை நோக்குவோம். இந்நோயை ‘இருதயச் செயலிழப்பு’ என மொழிபெயர்த்து வழங்குகின்றனர். இச்சொல்லைக் கேட்கும் முதியவர் தம் இருதயம் நின்றுவிட்டது என்றோ, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றோ எண்ணி மனந்தளர்வர். உண்மை அதுவன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தைச் செலுத்த மாட்டாது இருதயம் வலுக்குன்றிய நிலையே இது. உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, இருதய வால்வுகளின் பழுது முதலியன இதற்குக் காரணமாவன. ஆதலின் ‘இருதய நலிவு’ என்பதே பொருத்தமாகும். நலிந்ததைப் பேணலாம் என்னும் நம்பிக்கை அச்சொல்லில் உண்டு.

தம்பலகாமத்து வேளாண் மக்களுக்கு இந்நோயின் இயல்பை விளக்குதல் எளிது. கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்கள் நம்முடையவை. வடிவாய்க்கால் தூர்ந்துபோனால் நீர் ஓடாது வயலிலே தேங்கும். அவ்வாறே இருதயம் வலுக்குன்றியவிடத்து உடலில் உப்பும் நீரும் தேங்குகின்றன. கால் வீங்குகின்றது, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுகின்றது. இவை தோன்றுமுன்னரே பலருக்கு உடல்நிறை ஏறத் தொடங்கிவிடும். 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆந் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த துயரத்தை இப்பகுதியார் மறவார். குளத்தின் நீர்மட்டத்தை நாள்தோறும் நோக்குவதன் அருமையை அறிந்த நாம், உடலின் நீர்மட்டத்தை நோக்காதிருத்தல் முறையாகுமா?

நோயாளர் கற்கவேண்டியவை சிலவே. காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், உணவு உண்ணுமுன், ஒரே தராசிலே நிறை பார்த்துக் கொப்பியில் எழுதுதல் வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறுமாயின், அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திராது வைத்தியரை நாடவேண்டும். படுக்கையில் மூச்சுமுட்டித் தலையணையை உயர்த்த நேரிடுவதும், நள்ளிரவில் மூச்சுத்திணறி எழுவதும் அவ்வாறே விரைந்து காட்டவேண்டிய குறிகள். சோற்றில் உப்பிடாமல் உண்பவரும் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்பவற்றில் மறைந்துள்ள உப்பை மறந்துவிடுகின்றனர். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு விதித்த எல்லை நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவானது என்பதை நினைவிற் கொள்க. மூட்டு நோவுக்குக் கடையில் தாமே வாங்கும் டைக்குளோபினாக், ஐபுபுரோபன் போன்ற குளிசைகள் உடலில் நீரைத் தேக்குவன. இளநீர்கூட, அதில் பொற்றாசியம் மிகுந்திருத்தலால், சில குளிசைகளை உண்போர் வைத்தியரைக் கேட்டே பருகத்தக்கது. எல்லாவற்றிலும் பெருந்தவறு யாதெனில், வீக்கம் வற்றியது கண்டு சுகமாயிற்று எனக் கருதிக் குளிசையை நிறுத்துவதாம்.

இவ்வளவும் கற்பித்தாற் பயன் உண்டாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் எழுபது வயதும் அதற்கு மேலுமான 282 இருதய நலிவு நோயாளரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, அதன் முடிவை 1995இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினர்க்கு வழமையான வைத்தியம் மட்டும் அளிக்கப்பட்டது. மற்றப் பிரிவினர்க்குத் தாதியர் நோயைப்பற்றிக் கற்பித்து, உணவு முறையும் மருந்து முறையும் விளக்கி, வீடு சென்றபின்னும் தொடர்ந்து விசாரித்தனர். தொண்ணூறு நாளில் முதற்பிரிவினர் மீண்டும் வைத்தியசாலை சேர்ந்தமை 94 தடவை. கற்பிக்கப்பட்டவர் சேர்ந்தமை 53 தடவை. கல்வியும் தொடர்ந்த கவனிப்பும் ஒருங்கே செய்த வேலை அது.

நமது நாட்டுக்கு இது புதிய நெறியன்று. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு மருத்துவமாதர் வீடுவீடாகச் சென்று தாய்மாருக்குக் கற்பித்து வந்துள்ளனர். அதன் பயனாக, பள்ளிப்படிப்பு மிகுதியில்லாத தாயும் தன் குழந்தையின் நிறைக்கோடு ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுகின்றாள். அதே வீட்டுத் திண்ணையிலே கால்வீங்கி அமர்ந்திருக்கும் பாட்டனாரின் நிறையை எழுத ஓர் ஏடில்லை! பேரப்பிள்ளைக்குச் செய்வதைப் பாட்டனாருக்கும் செய்தல் கூடாதா?

இங்கே தமிழ் கற்பிப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே தமிழ்மொழியில் மேனாட்டு வைத்தியங் கற்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். பிறநாட்டார் ஒருவர் அத்துணை முயன்ற மொழியிலே, நம் முதியோர் தம் குளிசையின் பெயரையும் அதன் பயனையும் அறிய இயலாதிருத்தல் நமக்கு அழகன்று.

ஆகவே பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விழாவின் நினைவாக மண்டபமும் வளைவும் எழுப்புதல் நன்றே. அவற்றோடு, நம்மவருள் வைத்தியராயினார் எழுதி, தமிழாசிரியர் திருத்தி, பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு நிறையேடு ஒன்றையும் வெளியிடுவோமாக. தராசு வாங்க இயலாத இல்லங்களுக்குத் தராசு வழங்குவோமாக. எழுத்தறியாத முதியவரின் நிறையை நாள்தோறும் குறித்து, குளிசை உண்டனரா என வினவும் பணியை அவ்வவ் வீட்டு மாணவரிடம் ஒப்படைப்போமாக. வள்ளுவர் கூறிய நான்கனுள் வைத்தியரையும் மருந்தையும் அரசு இலவசமாகத் தருகின்றது. அறிவுடைய நோயாளரையும் அன்புடைய துணைவரையும் ஆக்கித் தரவேண்டியது கல்வியே. மாதந்தோறும் கிளினிக் வாசலிற் காத்திருக்கும் நம் பெற்றோர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடனும் அதுவே.