சூத்திரம் தெரிந்தால் போதுமா?



ஆல்கேன்களின் பொதுச் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாம் சொல்லிவிடுவோம். ஆனால் அது நம் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்று கேட்டால்?

என் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். ஒரு மார்கழிக் காலையில், "ஏம்பா, குளிர்ல ஸ்டார்ட் பண்ணா மட்டும் டக் டக்குனு இடிக்குதே, அது ஏன்?" என்றார். "டீசல்ல செட்டேன் இருக்குப்பா, சி16எச்34" என்றேன் பெருமையாக. "நம்பர் இருக்கட்டும், ஏன் இடிக்குது?" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலில் படிக்க வந்த நான், வாயடைத்து நின்றேன்.

பிறகுதான் புத்தகத்தைப் புரிந்து படித்தேன். செட்டேன், 16 கார்பன் அணுக்கள் கிளையின்றி வரிசையாய்க் கோத்த சங்கிலி. நிறமில்லை, தண்ணீரில் கரையாமல் மிதக்கும். கொதிநிலை 287 டிகிரி செல்சியஸ். உறைவதோ 18 டிகிரியிலேயே! நம் ஏனாத்தூர் வெயிலில் அது எண்ணெய். ஊட்டிக் குளிரில் மெழுகு. அமிலத்துக்கும் காரத்துக்கும் லேசில் அசையாது. ஆனால் இன்ஜினுக்குள் அழுத்தத்தால் சூடேறிய காற்றில் பீய்ச்சினால் போதும், தானாகவே பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டாமே, இதனால்தான்! செட்டேனுக்கு 100 என்று வைத்து, டீசலுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பி.எஸ். 6 டீசலுக்கு 51 வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினில் பற்றுவது தாமதமாகிறது. அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமாக எரிகிறது. அதுதான் அப்பா கேட்ட டக் டக்!

லடாக்கில் நீண்ட சங்கிலிகள் மெழுகாகப் பிரிந்து வடிகட்டியையே அடைத்துவிடும். அதற்கென்றே 2019-இல் இந்தியன் ஆயில் குளிர்காலத் தனி டீசல் கொண்டுவந்தது. இதையெல்லாம் வைவாவில் யார் கேட்கிறார்கள்? சூத்திரம் சொன்னால் மார்க்கு, அவ்வளவுதான்.

அப்பாவிடம் விளக்கினேன். "அதான் கொஞ்ச நேரம் சூடேறவிட்டு அப்புறம் லோடு ஏத்துறேன்" என்றார் சிரித்தபடி. சூத்திரம் தெரியாதவருக்குக் காரியம் தெரிந்திருக்கிறது, நமக்கோ தலைகீழ்.

நண்பர்களே, வகுப்பில் படித்ததில் வாரம் ஒன்றையாவது வீட்டில் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குப் புரிந்தால்தான் நாம் படித்திருக்கிறோம். வைவாவைவிடக் கடினமான தேர்வு அதுதான்!