வீடு பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வசிக்கும் என் தமக்கை தமது வீட்டை விற்பனைக்கு விட்டிருக்கிறார். அத்தான் காலமான பின்னர் அவ்வளவு பெரிய வீட்டின் படிகளில் தனியே ஏறி இறங்க அவரால் முடியவில்லை. முதல் மூன்று வாரங்களில் பத்தொன்பது தடவை வீடு பார்க்க வந்தார்கள். அங்கெல்லாம் வீடு காட்டும்போது விற்பவர் வீட்டில் இருப்பதில்லை. வாசலில் தொங்கும் எண்பூட்டுப் பெட்டியிலிருந்து வாங்குபவரின் முகவரே திறப்பை எடுத்து, வீட்டைக் காட்டிவிட்டுப் போவார். அக்கா அதுவரை அருகிலுள்ள கடைத்தொகுதியில் அமர்ந்திருப்பார்.

பிறகு அக்காவின் முகவர், வந்துபோன முகவர்களிடம் மின்னஞ்சலில் அபிப்பிராயம் கேட்பார். பெரும்பாலோர் பதில் எழுதவில்லை. வந்தவையும் ‘அழகான வீடு, நன்றி, எமது வாடிக்கையாளர் வேறிடம் பார்க்கிறார்’ என்று ஒரே அச்சில் வார்த்தவை.

பதில் கிடைக்காதபோது மனிதர் தாமே காரணம் தேடுகிறார்கள். தாளிப்பு மணந்தான் குறை என்று அக்கா முடிவு செய்தார். ஒரு மாதம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பாணும் வாழைப்பழமுமாகக் காலந்தள்ளினார். சுவாமிப் படங்களைப் பெட்டியில் வைத்தார். பின்னர் அத்தானின் படத்தையும் கழற்றினார். அதைத் தொலைபேசியில் சொன்னபோது அவருடைய குரல் எனக்குச் சரியாகப் படவில்லை.

வாங்குபவரின் முகவர்களை நான் குறைகூற மாட்டேன். அவர்கள் கடமைப்பட்டிருப்பது வாங்குபவருக்கே. ‘மிகவும் பிடித்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் தம் வாடிக்கையாளரின் பேரம் பேசும் பலம் போய்விடும். குறை சொன்னாலோ விலையைக் குறைக்கும் தந்திரம் என்பார்கள். ஒன்ராறியோவில் 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், விற்பவர் விரும்பினால் போட்டிக் கேள்விகளின் விலை விவரங்களை ஏனைய வாங்குநருக்கு வெளியிட இடமளிக்கிறது. அதற்கு முன்னர் எத்தனை கேள்விகள் வந்தன என்பதை மட்டுமே சொல்ல முடிந்தது. எனினும் கேள்வியே தராமல் திரும்பியவரின் மனதை எந்தச் சட்டம் திறக்கும்?

என் குறை விற்பவரின் முகவர் மீதுதான். ‘வீடு எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லது’ என்றுதான் எவரும் சொல்வர். செய்தி திரட்டப் போன எவருக்கும் இது தெரியும். ‘அன்று பார்த்த வீடுகளில் இது எத்தனையாவது? எந்த இடத்தில் தயங்கி நின்றார்கள்?’ என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். தரகுப்பணம் வாங்குபவர் தானியங்கி மின்னஞ்சலோடு நின்றுவிடலாகாது.

நான் வற்புறுத்திய பின் அவர் நான்கு பேரைத் தொலைபேசியில் அழைத்தார். இருவர் ஒரே விடயத்தைச் சொன்னார்கள்: நிலக்கீழ் அறையில் ஈர நெடி. அவர்களுள் ஒருவர் தமிழர். ‘அந்த அம்மாவின் மனம் நோகும் என்று எழுதவில்லை’ என்றாராம். நமது மரியாதை சில வேளைகளில் இப்படித்தான் ஆளைப் பட்டினி போடுகிறது.

சுவரில் கசிவு இருந்தது. திருத்த ஆள் வந்திருக்கிறார். வீடு இன்னும் விற்கவில்லை. ஆனால் அக்கா அன்றிரவே கடுகு தாளித்தார். அத்தானின் படமும் பழைய ஆணியில் ஏறிவிட்டது.