மார்புல வேப்பெண்ணெய் தடவாதீங்க

"ஒரு வயசாச்சு, இன்னுமா பால் குடுக்குற? வெறும் தண்ணிதான் வரும்." இதைக் கேட்காத அம்மா யாராவது இருக்கீங்களா?

தப்பு. ஒரு வயதுக்குப் பிறகும் தாய்ப்பாலில் கொழுப்பு, புரதம், நோய் எதிர்ப்புப் பொருட்கள் எல்லாமே இருக்கு. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பிறகு இணை உணவோடு சேர்த்து 2 வயது, விரும்பினால் அதற்கு மேலும். உலக சுகாதார நிறுவனமே சொல்றது இது.

அடுத்து அந்த வேப்பெண்ணெய். கசப்புதானேன்னு தடவுறீங்க. அது குழந்தை வயித்துக்குள்ள போனா வாந்தி, வலிப்பு வரைக்கும் போகலாம். இதுக்குப் பேரு கைவைத்தியமாம்!

சிலர் குழந்தையைப் பாட்டி வீட்டுல விட்டுட்டு ஒரேயடியா நிறுத்துவாங்க. அங்க குழந்தை அழும், இங்க அம்மாவுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வரும். சில பேருக்குச் சீழே பிடிச்சிடும்.

நிறுத்தணுமா? குழந்தை அதிகம் தேடாத பகல் வேளை ஒண்ணை மட்டும் முதல்ல விடுங்க. சில நாள் கழிச்சு அடுத்த வேளை. தூங்கும்போது குடிக்கறது கடைசியா போகட்டும்.

வேலைக்குப் போகணும், உடம்பு முடியலன்னு முன்னாடியே நிறுத்துறீங்களா? நிறுத்துங்க. அது உங்க முடிவு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை.