ரோடு உங்க கார் ஷெட் இல்லை சார்!

மக்களே, அரசியல், சினிமா, சாமி, சாதின்னு சண்டை போட ஏகப்பட்ட பேர் இருக்காங்க. அந்தப் பக்கம் நான் வரலை. இன்னிக்கு நான் போடப் போறது சுத்தமான தெருச் சண்டை. அதாவது தெருவுக்காகப் போடுற சண்டை.

விஷயம் ரொம்ப சிம்பிள். சென்னையில, குறிப்பா எங்க ஏரியா மாதிரி தனி வீடெல்லாம் அபார்ட்மெண்டா மாறிக்கிட்டு இருக்குற புறநகர்ல, தெருன்னு ஒண்ணு இப்போ இல்லை. ரெண்டு பக்கமும் கார். நடுவுல ஒரு சந்து. அந்தச் சந்துலதான் பால்காரர், ஸ்கூல் வேன், தண்ணி லாரி, நாய், பாட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டே போய்வரணும்.

முதல்ல நம்ம தெருக்களின் மாண்புமிகு பார்க்கிங் பெருமக்களை வரிசையா அறிமுகப்படுத்திடறேன். உங்க தெருவிலும் இவங்க இருப்பாங்க. சரிபார்த்துக்குங்க.

1. அஞ்சே நிமிஷம் அண்ணாச்சி: உங்க வீட்டு கேட்டை அடைச்சு வண்டிய நிறுத்துவார். கேட்டா "அஞ்சே நிமிஷம் சார், தோ வந்துட்டேன்" என்பார். இவரோட அஞ்சு நிமிஷத்துல நீங்க குக்கர் வெச்சு, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி வெச்சுடலாம்.

2. இண்டிகேட்டர் ஆசாமி: நாலு இண்டிகேட்டரையும் பளிச் பளிச்னு எரியவிட்டுட்டா எங்கே வேணா நிறுத்தலாம்னு இவருக்கு யாரோ வரம் கொடுத்திருக்காங்க. வண்டி பழுதானா மத்தவங்களை எச்சரிக்கிறதுக்கு வெச்ச விளக்கு அது. இவர் அதை பஜ்ஜி வாங்கப் போறதுக்கான பர்மிட்டா ஆக்கிட்டார்.

3. போர்வை போர்த்திய கார்: பையன் வெளிநாட்டுல இருந்து வரும்போது ஓட்டுறதுக்காக வாங்கினது. வருஷத்துல பதினஞ்சு நாள் ஓடும். மிச்ச முந்நூத்தம்பது நாள் கவர் போட்டு தெருவிலேயே தவம். கீழே பூனை ரெண்டு பிரசவம் பார்த்தாச்சு. ஓனர் இன்னும் பார்க்கலை.

4. கல்லு நட்ட கனவான்: இவர்கிட்ட காரே இருக்காது. இருந்தாலும் வீட்டு வாசல்ல பூந்தொட்டி, மணல் மூட்டை, பழைய ஆட்டுக்கல்னு வரிசையா அடுக்கி தெருவை மடக்கி வெச்சிருப்பார். கூடவே சுவத்துல ஒரு போர்டு, "நோ பார்க்கிங், மீறினால் காற்று பிடுங்கப்படும்".

5. கீழ்த்தள வியாபாரி: இவர்தான் முக்கியமான ஆள். இவரைக் கடைசியில தனியா கவனிக்கிறேன்.

இப்போ கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

எங்க தெரு இருபதடித் தெரு. 1983ல வந்து ஒரு காலத்துல ரோட்டையே ஆண்ட மாருதி 800 இருக்கே, அதோட அகலம் 1.44 மீட்டர், அதாவது நாலே முக்கால் அடி. இன்னிக்கு நிக்கிற இன்னோவா கிரிஸ்டாவோட அகலம் 1.83 மீட்டர், முழுசா ஆறடி. நீளமும் பதினோரு அடியில இருந்து பதினஞ்சரை அடி ஆயிடுச்சு. தெரு மட்டும் அதே இருபதடி. ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஆறடி, சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல அரை அடி. ஆக பதிமூணு அடி காலி. மிச்சம் ஏழடி. ஒரு லாரி சட்டப்படி 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி அகலம் வரை இருக்கலாம். ஏழடி இடைவெளியில எட்டரை அடி வண்டிய எப்படி நுழைக்கிறது? தண்ணி லாரி வரலைன்னா ரெண்டு நாள் பக்கெட்டோட அலையலாம். தீயணைப்பு வண்டி வரலைன்னா?

போன வருஷம் எங்க தெருவில ஒரு பெரியவருக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு நெஞ்சு வலி. 108க்கு போன் போட்டு, வண்டியும் சீக்கிரமே வந்துடுச்சு. 2008ல இருந்து எத்தனையோ உயிரைக் காப்பாத்தின சேவை, அதுல ஒரு குறையும் இல்லை. ஆனா தெரு முனை வளைவுல ஒருத்தர் காரை நிறுத்திட்டுப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் திரும்பவே முடியலை. கார் யாருதுன்னு யாருக்கும் தெரியலை. கண்ணாடியில போன் நம்பரும் இல்லை. ஹாரன் அடிச்சும் யாரும் வரலை. கடைசியில ஸ்ட்ரெச்சரைக் கையிலேயே தூக்கிக்கிட்டு, குண்டும் குழியுமான ரோட்டுல, கார்களுக்கு நடுவுல பக்கவாட்டுல நடந்து முனை வரைக்கும் கொண்டுபோனாங்க. பெரியவர் பிழைச்சுக்கிட்டார். அது டாக்டரோட கெட்டிக்காரத்தனம், பெரியவரோட ஆயுசு பலம். கார்காரருக்கு அதுல பங்கு கிடையாது.

மறுநாள் காலையில கார்காரர் வந்தார். பக்கத்துத் தெருக்காரர். விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன பதில் இருக்கே, அதைத்தான் என்னால இன்னும் ஜீரணிக்க முடியலை. "எங்க தெருவில இடம் இல்லை சார், நான் வேற எங்கேதான் நிறுத்துறது?"

இந்த ஒத்தைக் கேள்வியிலதான் எல்லா வியாதியும் இருக்கு. 'நிறுத்த இடம் இல்லை'ங்கிறது கார் வாங்குறதுக்கு முன்னாடி தன்னையே கேட்டுக்க வேண்டிய கேள்வி. வாங்கினதுக்கு அப்புறம் ஊரைக் கேட்குற கேள்வி இல்லை. எருமை வாங்குறவன் கூட முதல்ல தொழுவம் இருக்கான்னு பார்ப்பான். எட்டு லட்சம், பத்து லட்சம் கடன் போட்டு கார் வாங்குறவர், மைலேஜ் பார்ப்பார், சன்ரூஃப் பார்ப்பார், நாள் நட்சத்திரம் பார்ப்பார், எலுமிச்சம்பழம் நசுக்குவார். ராத்திரி அது எங்கே தூங்கும்னு மட்டும் பார்க்க மாட்டார்.

இன்னொரு கணக்கு. ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டருக்கு அஞ்சு மீட்டர் இடம்னு வெச்சுக்கலாம். சுமார் 135 சதுர அடி. ஒரு பேச்சுக்கு சதுர அடி எட்டாயிரம் ரூபாய்னு போட்டா, கிட்டத்தட்ட பத்தே முக்கால் லட்சம். காரை விட அது நிக்கிற இடம் விலை ஜாஸ்தி! அந்த இடத்தை ஊர்க்காசுல எடுத்துக்கிட்டு, அதுக்கு 'அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க'ன்னு பேர் வெச்சிருக்கோம்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துல பேராசிரியரா இருந்த டொனால்ட் ஷூப், 2005ல இதைப் பத்தியே ஒரு தலையணை சைஸ் புத்தகம் எழுதினார். 2025ல காலமானார். வாழ்நாள் முழுக்க பார்க்கிங்கையே ஆராய்ச்சி பண்ணின மனுஷன். அவர் சொன்னதைச் சுருக்கினா இவ்வளவுதான்: இலவசப் பார்க்கிங்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. கார்காரர் கொடுக்காத காசை வேற யாரோ கொடுக்குறாங்க.

நம்ம ஊர்ல அந்த வேற யாரோ யாருன்னு நினைக்கிறீங்க? நடுரோட்டுல நடக்குற பாட்டி. ஒதுங்க இடமில்லாம ஹாரனுக்கு நடுங்குற குழந்தை. தெருவில கிரிக்கெட் ஆடி 'கார் கண்ணாடி உடைஞ்சா யார் காசு கொடுக்குறது?'ன்னு திட்டு வாங்கி வீட்டுக்குள்ள செல்போனோட முடங்குற பசங்க. ஆமா, தெருவில ஆடின பசங்களை விரட்டினது கார்தான். அப்புறம் 'இந்தக் காலத்துப் பசங்க எப்பப் பாரு போனும் கையுமா இருக்காங்க'ன்னு பொலம்பல் வேற.

எல்லாத்தையும் விட வயித்தெரிச்சல் தள்ளுவண்டிக்காரர் சமாச்சாரம். காய்கறி வண்டி நம்ம வாசல்ல பத்து நிமிஷம் நின்னா 'ரோட்டை அடைச்சுக்கிட்டு என்னய்யா பண்றே, தள்ளு தள்ளு'ன்னு அதட்டுறோம். அவர் அந்தப் பத்து நிமிஷத்துல நாலு வீட்டுக்குக் கீரை கொடுக்குறார், தன் வீட்டுக்கு அரிசி சம்பாதிக்கிறார். அவரோட பிழைப்புக்கு 2014ல தனியா சட்டமே போட்டாச்சு, தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம்னு. இருந்தும் நம்ம கண்ணுக்கு அவர் ஆக்கிரமிப்பு. பக்கத்துலயே இருபத்து மூணு மணி நேரம் சும்மா நிக்கிற கார் மட்டும் 'நம்ம சாரோட வண்டி'. இதுக்குப் பேர் சட்ட ஒழுங்கா? அப்பட்டமான அந்தஸ்துப் புத்தி!

உடனே சில பேர் வரிஞ்சு கட்டிக்கிட்டு வருவாங்கன்னு தெரியும். பதிலையும் இப்பவே சொல்லிடறேன்.

"ரோடு டாக்ஸ் கட்டியிருக்கேன்!" கட்டியிருக்கீங்க, சந்தோஷம். அது வண்டி ஓட்டுறதுக்குக் கட்டுற வரி. தூங்க வைக்கிறதுக்கு இல்லை. அந்த ரோட்டுக்கு, தீப்பெட்டி வாங்குறப்போ கூட வரி கட்டுற பாட்டியும் காசு கொடுத்திருக்கு.

"என் வீட்டு வாசல், என் இடம்!" இல்லை சார். உங்க பத்திரத்துல நாலு எல்லை எழுதியிருக்கும். அதுல ஒரு பக்கம் 'தெரு'ன்னு இருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே உங்களுக்கு ஒரு ஆட்டுக்கல் அளவு கூட உரிமை இல்லை. 2024ல சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், அனுமதியில்லாத நோ பார்க்கிங் போர்டு, மணல் மூட்டை, பூந்தொட்டியெல்லாம் எடுக்கச் சொல்லி எச்சரிக்கையே விட்டாங்க. அதுக்காக கேட்டை அடைச்சு நிறுத்தலாம்னு யாரும் கைதட்ட வேண்டாம். வீட்டு நுழைவாயிலை மறைச்சு நிறுத்தக் கூடாதுன்னு 1989ல போட்ட சாலை விதியிலேயே இருந்துச்சு. அதுக்கு போர்டே தேவையில்லை. ஆக, கல்லு நடுறவரும் காரை நடுறவரும் ஒரே கட்சி. ரெண்டு பேருமே பொதுச்சொத்தைச் சொந்தச் சொத்துன்னு நினைக்கிறவங்க.

"பஸ் ஒழுங்கா வந்தா நான் ஏன் கார் வாங்குறேன்?" நியாயமான பேச்சு. பஸ் வேணும்னு போராட்டம் வைங்க, நானும் கொடி பிடிக்க வரேன். ஆனா பஸ் வராததுக்கு தண்டனை எதிர்வீட்டுத் தாத்தாவுக்கா?

"அதான் ஃபைன் இருக்கே!" இருக்கு. 2019 திருத்தத்துல பொது அபராதம் முதல் தடவை 500, அடுத்த தடவை 1500ன்னு ஏத்தினாங்க. முன்னே 100, 300தான். ஆனா உள் தெருவுக்குள்ள வந்து யார் ரசீது போடுறாங்க? மாட்டவே மாட்டோம்னு தெரிஞ்சா ஐநூறு என்ன, அஞ்சாயிரம் போட்டாலும் ஒண்ணுதான்.

ஜப்பான்ல 1962லயே சட்டம் கொண்டுவந்துட்டாங்க. கார் வாங்கணும்னா பொதுவா முதல்ல போலீஸ்ல இருந்து இடச் சான்றிதழ் வாங்கணும். வீட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள வண்டி நிறுத்த உங்களுக்கு இடம் இருக்குன்னு காட்டணும். ராத்திரி தெருவில விட்டு வெச்சாலும் குத்தம். உலகத்துக்கே கார் செஞ்சு விக்கிற நாடு அது. அவங்க கார் கம்பெனி எதுவும் இதனால மூழ்கிடலை.

இப்போ அந்த அஞ்சாவது ஆளுக்கு வருவோம். கீழ்த்தள வியாபாரி. பிளான் போடும்போது கீழ்த்தளம் முழுக்க கார் பார்க்கிங்னு காட்டுவார். அனுமதியும் வாங்குவார். கட்டி முடிச்சு ஆறே மாசத்துல அங்கே ஒரு மளிகைக் கடை, ஒரு டெய்லர் கடை, மிச்சத்துக்குச் சுவர் எழுப்பி ஒரு ஒத்தை ரூம் வாடகைக்கு. குடியிருக்குற எட்டு பேரோட காரும் தெருவுக்கு வந்துடும். மாசா மாசம் வாடகை அவருக்கு, தெருநெரிசல் நமக்கு. நாம என்னடான்னா காரை வெச்சுக்கிட்டு முழிக்கிற குடித்தனக்காரரோட மல்லுக்கட்டுறோம். அந்த இடத்தை வித்த மகராசன் மாடியில காபி குடிச்சுக்கிட்டே வேடிக்கை பார்க்குறார். வாடகைக்கு வீடு பாக்குறவங்களே, 'பார்க்கிங் இருக்கா?'ன்னு கேட்டு நிறுத்தாதீங்க. 'எங்கே இருக்கு, காட்டுங்க'ன்னு கேளுங்க.

சும்மா திட்டிட்டுப் போனா நல்லா இருக்காது. செய்யக்கூடியதா நாலு சொல்றேன்.

ஒண்ணு, கார் கண்ணாடியில போன் நம்பர் எழுதி வைங்க. செலவு ஒரு பேப்பர், ஒரு பேனா.

ரெண்டு, தெரு முனையிலயும் வளைவுலயும் எவ்வளவு அவசரமா இருந்தாலும் நிறுத்தாதீங்க.

மூணு, குடியிருப்போர் சங்கம் பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கிற நேரத்துல, ஒரே ஒரு பக்கம்தான் பார்க்கிங்னு ஒரு தீர்மானம் போடட்டும். ஒரு பக்கம் காலியானாலே பதிமூணரை அடி கிடைக்குது. ஆம்புலன்ஸும் வரும், தண்ணி லாரியும் வரும்.

நாலு, மாநகராட்சி ராத்திரி பார்க்கிங்குக்குக் காசு வாங்கட்டும். வாங்குற காசை அதே தெருவுக்கே செலவு பண்ணட்டும். கலிபோர்னியாவுல பாசடீனாவோட பழைய கடைத்தெருவில 1993ல மீட்டர் வெச்சப்போ இதைத்தான் செஞ்சாங்க. அந்த வருமானத்துல நடைபாதையைச் சீரமைச்சாங்க, விளக்கு போட்டாங்க, மரம் வெச்சாங்க. காசு எங்கே போகுதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா ஜனங்க கொடுப்பாங்க.

கார் வெச்சிருக்குறது தப்பே இல்லை. உங்க உழைப்பு, உங்க ஆசை, நல்லா ஓட்டுங்க. ஆனா அது நிக்கிற இடத்துக்கான விலையை நீங்களே கொடுங்க. அதை ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்குற மனுஷன்கிட்ட வசூல் பண்ணாதீங்க.

டிஸ்கி: "உனக்குக் கார் வாங்க வக்கில்லை, அதான் பொறாமை"ன்னு கிளம்பப் போற அன்பர்களுக்கு: இருக்கட்டுமே! என் ஸ்கூட்டர் காம்பவுண்டுக்குள்ள நிக்குது. உங்க கார் எங்கே நிக்குது? :-)