தீர்ப்பு வந்தது; கடன் தீர்ந்ததா?

தீர்ப்பு என்னும் நம் சொல் 'தீர்' என்னும் அடியினின்று பிறந்தது. வழக்கைத் தீர்ப்பது தீர்ப்பு. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தலையும் கடன் தீர்த்தல் என்றே தமிழர் வழங்கினர். ஒரே அடியிற் பிறந்த இவ்விரண்டனுள் ஒன்று கிடைத்தும் மற்றொன்று கிடையாமையே இற்றை முறைமன்றங்களின் நிலை. ஆண்டுக் கணக்கில் வழக்காடி வென்றவன் கையில் எஞ்சுவது வெறுந்தாளே.

இந்திய நாட்டில் வழக்காடுவானுக்குத் தொல்லைகள் தொடங்குவது அவன் தீர்ப்பாணை பெற்ற பின்னரே என, இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் 1872-இலேயே கூறிற்று. வெள்ளையன் வெளியேறியும் அந்நிலை மாறிற்றா? நிறைவேற்றல் வேண்டுகைகளை ஆறு திங்களுக்குள் முடிக்க வேண்டுமென உச்சமுறைமன்றம் 2021-இல் ஆணையிட்டது. ஆயினும், 8,80,000-க்கு மேற்பட்ட வேண்டுகைகள் நாடெங்கும் தேங்கிக் கிடந்தமை 2025-இல் அம்மன்றத்தின் முன்னரே வெளிப்பட்டது. அவற்றுள் 86,000-க்கு மேற்பட்டவை தமிழ்நாட்டின!

தீர்ப்பளித்த மன்றம் தானே சென்று பணத்தைத் தண்டித் தராது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளைப்படி, வென்றவன் தனியே நிறைவேற்றல் வேண்டுகை இடுதல் வேண்டும். அதற்குக் கால வரம்பு 12 ஆண்டு. கடனாளியின் நிலம் எங்குளது, வைப்பகக் கணக்கு எங்குளது என்பவற்றையும் பெரும்பாலும் அவனே தேடிக் காட்டல் வேண்டும். அதற்குள் தோற்றவன் தன் உடைமையை உறவினர் பெயருக்கு மாற்றிவிடுகின்றான்.

இல்லாதவனை நெருக்குமாறு நாம் கேட்கவில்லை. சமையல் ஏனங்களையும், கைவினைஞரின் கருவிகளையும், உழவனின் ஏர்மாடுகளையும், கூலியாளின் கூலியையும் பற்றுகை செய்யலாகாது என அச்சட்டத்தின் 60-ஆம் பிரிவு காக்கின்றது. சம்பளத்திலும் முதல் 1,000 உருபாவும், மிச்சத்தில் மூன்றில் இரு பங்கும் தொடத்தகாதவை. வறுமையால் கொடுக்க இயலாதவனைச் சிறையிடலாகாது என உச்சமுறைமன்றம் 1980-இல் தீர்த்தது. இவையெல்லாம் அறத்தொடு பொருந்தியனவே. ஆனால், ஏழைக்கென எழுப்பிய வேலிக்குள் செல்வனன்றோ ஒளிந்துகொள்கின்றான்! மாளிகையில் வாழ்பவன் மன்றத்தில் வந்து வெறுங்கையை விரிப்பதை இன்னும் எத்துணை நாள் பொறுப்பது?

அவனை மடக்கவும் அச்சட்டத்திலேயே வழியுண்டு. 21-ஆம் கட்டளையின் 41-ஆம் விதிப்படி, கடனாளி தன் உடைமைகள் அனைத்தையும் உறுதிமொழி ஆவணத்தில் எழுதித் தருமாறு மன்றம் ஆணையிடலாம். அவ்வாணையை மீறினால் மூன்று திங்கள் வரை சிறையிடலாம். வென்றவருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்?

அறியாமைக்கு முதற் கரணியம் மொழியே. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1976-இல் திருத்தப்பெற்றுக் கீழ்முறைமன்றங்களிற் தமிழுக்கு இடம் தரப்பட்டது. இருந்தும் ஆங்கிலத் தாள்களே இன்னும் மக்கள் கையில் திணிக்கப்படுகின்றன. உயர்முறைமன்றத்திலும் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006-இல் இயற்றிய தீர்மானத்தை நடுவணரசு ஏற்கவில்லை. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர்முறைமன்றங்களில் இந்திக்கு இசைவுண்டு. தமிழுக்கு மட்டும் தடையா? தனக்குரிய ஆணையைத் தானே படிக்க இயலாதவன், அதனை நிறைவேற்றிக்கொள்வது எங்ஙனம்?

எனவே நாம் கேட்பவை மூன்று. தீர்ப்பாணையுடன், அடுத்துச் செய்ய வேண்டுவனவற்றையும் கால வரம்பையும் விளக்கும் தமிழ்க் குறிப்பு வென்றவனுக்குத் தரப்படல் வேண்டும். கடனாளியின் உடைமைப் பட்டியலை மன்றம் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறல் வேண்டும். நிறைவேற்றல் நடவடிக்கை முழுதும் தமிழில் நிகழ்ந்து ஆறு திங்களில் முடிதல் வேண்டும்.

சட்டங் கற்ற தமிழிளைஞர்களே! ஊர்தோறும் சென்று இவற்றை எளியோர்க்கு எடுத்துரையுங்கள். வேண்டுகைகளைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். முறை செய்தல் என்றனர் நம் முன்னோர். முறை சொல்லுதல் என்றாரல்லர்.